முற்றத்தில் இட்ட அடித்தளம்

இயேசுவின் வளரிளம் பருவத்தைக் குறித்து நற்செய்தி நமக்குத் தரும் நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டு வயதில் அவர் எருசலேம் கோவிலில் போதகர் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டும் அவர்களை வினவியும் கொண்டிருந்தார் என்கிறார் லூக்கா. அப்போதகர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் ஒரு சிறுவருக்குத் தம் நடுவே இடம் தரவும், அவர் கேட்கும் கேள்விக்குச் செவிசாய்க்கவும் அவர்களுக்கு நேரமும் மனமும் இருந்தன. வளரிளம் பருவத்தினரிடையே திருச்சபை ஆற்றும் பணியின் வித்து இங்கே இருக்கிறது எனலாம்.

அந்த வித்து முளைத்த இடங்கள் பல. 16ஆம் நூற்றாண்டில் உரோமை நகரில் புனித பிலிப்பு நேரியார் செபமும் இசையும் உரையாடலும் கலந்த செபக்கூடத்தை அமைத்தார். அடுத்த நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் புனித தெ லா சால் ஏழைச் சிறுவர்க்காகப் பள்ளிகளையும் அவற்றை நடத்தும் சகோதரர் சபையையும் உருவாக்கினார். ஆனால் வீடும் பள்ளியும் பங்கும் கைவிட்ட பருவத்தினரை அவர்கள் நின்ற இடத்துக்கே தேடிச் சென்ற பணியின் வரலாற்றை நாம் வட இத்தாலியின் தூரின் நகரில், புனித ஜான் போஸ்கோவின் வாழ்வில் தெளிவாகக் காண்கிறோம்.

1815ஆம் ஆண்டு பெக்கி என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்த அவர், இரண்டு வயது நிரம்புமுன்னே தந்தையை இழந்தவர். 1841 ஜூன் 5ஆம் நாள் குருவானவர். அந்நாளில் தூரின் வளர்ந்துகொண்டிருந்த நகரம். ஆல்ப்ஸ் மலைச்சாரல் ஊர்களிலிருந்தும் லொம்பார்தி நாட்டுப்புறத்திலிருந்தும் சிறுவர்கள் கொத்து வேலையும் கூலி வேலையும் நாடி அங்கு வந்து குவிந்தனர். அவருடைய ஆன்ம குருவாகிய புனித யோசேப்பு கஃபாசோ அவரை நகரச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வரை, உடல் வலுவும் அறிவுக் கூர்மையும் உடைய பிள்ளைகள் அங்கே அடைபட்டுக் கிடந்தனர். விடுதலை பெற்றவருள் பலர் சில நாளில் மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்ததையும் இளங்குரு கண்டார். சிறைக்கு வெளியே அவர்களுக்கு ஒரு நண்பர் இருந்திருந்தால் இந்த அழிவு நேர்ந்திருக்குமா என்னும் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. விழுந்தபின் தண்டிப்பதன்று, விழுமுன்னே துணை நிற்பதுதான் வேண்டும் என்ற தெளிவு அங்கே பிறந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவத் திருநாள். அசிசியார் ஆலயத்தின் திருப்பொருள் அறையில் பூசை உதவி செய்யத் தெரியாத ஓர் இளைஞனைக் கோவில் பணியாளர் அடித்து விரட்டினார். போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து, 'இவன் என் நண்பன்' என்றார். அவன் பெயர் பர்த்தலோமேயு கரெல்லி. வயது பதினாறு, தாயும் தந்தையும் இல்லை, கொத்து வேலை. மறைக்கல்விக்கு ஏன் போவதில்லை என்று கேட்டபோது அவன் தந்த மறுமொழியைப் போஸ்கோ தம் நினைவுக் குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார்: தன்னைவிடச் சிறியவர்களுக்கு எல்லாம் தெரிகிறது, இத்தனை வளர்ந்த தனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர்களோடு அமர வெட்கமாயிருக்கிறது என்பதே அது.

இந்த வெட்கத்தில்தான் வளரிளம் பருவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குழந்தைகளோடு அமர முடியாது. பெரியவர்களோடு நிற்கவும் இடமில்லை. அவனுக்கென்று தனியே கற்பிக்க முன்வந்தார் போஸ்கோ. சிலுவை அடையாளத்திலிருந்து பாடம் தொடங்கியது. அடுத்த ஞாயிறு அவன் தனியே வரவில்லை.

பிள்ளைகள் பெருகினர், இடம்தான் இல்லை. மருத்துவமனையை ஒட்டிய அறைகள், கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம், மாவு ஆலைகள் அருகிலிருந்த கோவில், இறுதியில் வெறும் புல்வெளி என ஒவ்வோர் இடத்திலிருந்தும் அவர்கள் வெளியேற நேர்ந்தது. இரைச்சல் என்றனர் அண்டை அயலார். தம் பங்குப் பிள்ளைகளை அவர் இழுத்துக்கொள்கிறார் என்று பங்குத்தந்தையர் சிலர் முறையிட்டனர். அவருடைய மறுமொழி நம் உள்ளத்தைத் தைக்கிறது: இவர்களில் பெரும்பாலோர் வெளியூரார், தாங்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பதே இவர்களுக்குத் தெரியாது. 1846ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று, ஏப்ரல் 12இல், வால்தோக்கோ பகுதியில் பினார்தி என்பவரின் தாழ்ந்த கொட்டகையொன்று அவர்களுக்கு நிலையான இடமாயிற்று. அதைச் சிற்றாலயமாக்கத் தரையைத் தோண்டித் தாழ்த்த வேண்டியிருந்தது.

அவ்வாண்டு நவம்பரில் அன்னை மார்கரீத்தா ஊரை விட்டு வந்து மகனோடு சேர்ந்துகொண்டார். 1847இல் ஒரு மழை இரவில், நனைந்து வந்து நின்ற அனாதைச் சிறுவன் ஒருவனுக்குச் சமையலறையில் அவர் படுக்கை விரித்தார். உறங்குமுன் அவனிடம் சில நல்ல சொற்களும் சொன்னார். சலேசிய இல்லங்களில் இரவுதோறும் சொல்லப்படும் நல்லுரையின் தொடக்கம் அதுவே. தொழில் பழகும் பிள்ளைகளுக்காக முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி அவர்தம் முதலாளிகளிடம் கையொப்பம் பெற்றார் போஸ்கோ. 1852ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒன்று, பையனைச் சொல்லால் மட்டுமே திருத்தவேண்டும், கை ஓங்கக் கூடாது என்றும், திருநாள்களில் ஓய்வு தரவேண்டும் என்றும் முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. செபமும் சோறும் கூலியும் அங்கே வெவ்வேறாய் இருக்கவில்லை.

இப்பட்டறிவின் சாரத்தை அவர் 1877இல் சுருக்கமாக எழுதினார். அறிவு, சமயம், கனிவு என்னும் மூன்றின்மேல் நிற்கும் முன்காப்பு முறை அது. இதற்குள் 1859இல் சலேசிய சபையும், 1872இல் புனித மரியா மசரெல்லோவுடன் இணைந்து பெண்பிள்ளைகளுக்காக உழைக்கும் சகோதரியர் சபையும் உருப்பெற்றிருந்தன. கட்டடங்கள் எழுந்தன, அச்சகமும் தொழிற்கூடங்களும் இயங்கின. பணியின் அடித்தளம் உறுதியாகிவிட்டது என்றே எவரும் எண்ணுவர்.

ஆனால் அவ்வாறு எண்ணாதவர் ஒருவர் இருந்தார், அவர் போஸ்கோதாம். 1884 மே 10ஆம் நாள் உரோமையிலிருந்து வால்தோக்கோவுக்கு அவர் ஒரு மடல் விடுத்தார். கனவாக வடிக்கப்பெற்ற அம்மடலில் இரு முற்றங்கள் தோன்றுகின்றன. பழைய முற்றத்தில் ஆட்டமும் பாட்டும் சிரிப்பும் நிறைந்திருக்கின்றன. பிள்ளைகளிடையே பெரியவர்களும் ஓடியாடுகின்றனர். புதிய முற்றத்தில் பிள்ளைகள் சலிப்போடு மூலைகளில் ஒதுங்கி நிற்கின்றனர். பெரியவர்களோ தங்களுக்குள் பேசியபடி அப்பால் உலவுகின்றனர். ஒழுங்கும் உழைப்பும் குறையவில்லை. அன்பு கூட இல்லாமற் போகவில்லை. அந்த அன்பு தங்களுக்கு உண்டு என்பதைப் பிள்ளைகள் உணரும் வழிதான் அடைபட்டுவிட்டது. பிள்ளைகள் விரும்புவதில் பெரியவர்கள் கலந்துகொண்டாலன்றி, பெரியவர்கள் விரும்புவதைப் பிள்ளைகள் விரும்பப் போவதில்லை என்பது அம்மடலின் உட்பொருள். நிறுவனர் உயிரோடிருக்கும்போதே, அவருடைய சொந்த இல்லத்திலேயே, அடித்தளம் நழுவக் கூடும் என்றால் நாம் எம்மாத்திரம்!

நான்கு ஆண்டுகளில், 1888 ஜனவரி 31இல், அவர் இறைவனடி சேர்ந்தார். 1906ஆம் ஆண்டு ஜனவரியில் அவருடைய மைந்தர் அருட்தந்தை ஜார்ஜ் தோமாத்திஸ் தலைமையில் தஞ்சை வந்து, அனாதைச் சிறுவர் இல்லப் பணியை ஏற்றனர். இந்தியாவில் சலேசியரின் முதல் தடம் தமிழ் மண்ணிலேயே பதிந்தது. இவ்வரலாறு நமக்கு அயலானதன்று.

எனவே நம் பங்குகளையும் இவ்வரலாற்றின் ஒளியில் நோக்குவோம். உறுதிபூசுதல் பெறும் நாள் வரை மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகள் அதன்பின் எங்கே போனார்கள்? இளையோர் விழாவுக்கு மேடையும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்யும் நாம், விழா இல்லாத நாள்களில் ஆலய முற்றத்தில் அவர்களோடு நிற்கிறோமா? கட்டட வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து நம் நகரங்களுக்கு வரும் இளையோர், தகரக் கொட்டகைகளில் தங்கி ஞாயிறுகளைத் தெருவோரத்தில் கழிக்கிறார்களே, அவர்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள்? தூரின் நகரில் எழுந்த அதே கேள்வி இன்று நம் கதவைத் தட்டுகிறது.

2018ஆம் ஆண்டு உரோமையில் இளையோரைக் குறித்துக் கூடிய ஆயர் மாமன்றம், எம்மாவு வழியில் சீடர்களுடன் இணைந்து நடந்த உயிர்த்த ஆண்டவரையே இப்பணிக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது. ஆண்டவர் முதலில் உடன் நடந்தார், பிறகு கேட்டார், அதன்பின்னரே மறைநூலை விளக்கினார். நாமோ பல வேளைகளில் விளக்கத்திலிருந்து தொடங்கிவிடுகிறோம்.

வளரிளம் பருவத்தினர் பணிக்குரிய அடித்தளம் ஒருமுறை இட்டு, மேலே மாடி எழுப்பி மறந்துவிடும் கல்லன்று. அது பெரியவர் ஒருவர் நாள்தோறும் தம் அறையை விட்டு இறங்கி முற்றத்துக்கு வருவது. அவர் வராத நாளில் கட்டடம் இருக்கும், பணி இராது.