பால்மரக் காட்டிலிருந்து கணினி நகரம் வரை



சரித்திரம் என்றதும் மலாக்காவும் பரமேசுவரனும் கடாரமும்தான் நம் நினைவுக்கு வரும். அவை எல்லாம் நம் பாட்டன் பூட்டனுக்கும் முந்திய காலம். ஆனால் நம் காலத்திலேயே, நம்மவர்கள் பால் வெட்டிய மண்ணிலேயே நடந்த ஒரு சரித்திரம் உண்டு. நம் நாட்டில் கணினித் தொழில் எப்படி வளர்ந்தது, அதை எந்தெந்தச் சட்டங்கள் கட்டி நடத்தின என்பதே அந்தச் சரித்திரம். "கணினிக்கும் மங்குக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

தொடக்கம்

நம் நாட்டின் முதல் கணினி 1966-ஆம் ஆண்டில் தேசிய மின்சார வாரியத்தில் வைக்கப்பட்டது. அந்நாளையக் கணினி இன்று பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் பொருளைப் போன்றது அன்று. அலமாரி அலமாரியாக ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். துளை போட்ட அட்டைகளைக் கொடுத்து அதனிடம் வேலை வாங்கினார்கள்.

கணினியை வாங்கி வைத்த நாடு, அதன் உறுப்புகளைச் செய்யும் நாடாக மாறியது பினாங்கில்தான். சுங்க வரியில்லாத துறைமுகம் என்ற சலுகை பறிபோனதால், 1969 வாக்கில் பினாங்கில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. அப்போது முதலமைச்சராக வந்த டாக்டர் லிம் சோங் இயூ, வெளிநாட்டு மின்னியல் நிறுவனங்களை அழைத்து வந்தார். 1971-இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் பிறந்தது. அந்த வட்டாரத்துக்குள் தொழிற்சாலை வைத்தால் கொண்டுவரும் பொருளுக்குச் சுங்க வரி இல்லை. 1972-இல் பாயான் லெப்பாஸ் வட்டாரம் திறந்தது. அமெரிக்காவின் இண்டெல் நிறுவனம் தன் நாட்டுக்கு வெளியே முதல் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது.

மலாய், சீன, இந்தியக் குடும்பங்களின் இளம் பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. கண் வலிக்கும், முதுகு நோகும். ஆனாலும் மாதச் சம்பளம் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தோட்டத் தொழிலாளிக்கு 1954 முதல் நாடு தழுவிய ஒரு சங்கம் இருந்தது. மின்னியல் தொழிலாளிக்கு அப்படி ஒரு தேசியச் சங்கம் அமைக்க அரசாங்கம் இடம் கொடுக்கவில்லை. முதலீட்டாளர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்பதே காரணம். 1988-இல் அந்தந்த நிறுவனத்துக்குள் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2009-இல்தான் வட்டார அளவில் சங்கம் அமைக்க அனுமதி கிடைத்தது. சட்டம் முதலாளிக்குக் கதவை அகலத் திறந்து, தொழிலாளிக்கு ஒருக்களித்து வைத்த கதை இது.

பெரும் பாய்ச்சல்

1985-இல் மிமோஸ் என்ற நுண்மின்னியல் ஆய்வுக்கழகம் அமைந்தது. அதன் வழியாகத்தான் ஜாரிங் என்ற நம் நாட்டின் முதல் இணையச் சேவை வந்தது. இடையில், 1987-இல் தொலைபேசி இலாகா நிறுவனமாக மாறியது.

1991-இல் பிரதமர் டாக்டர் மகாதீர் 2020 தொலைநோக்கை அறிவித்தார். ரப்பர், ஈயத்தை நம்பி இனி நாடு பிழைக்க முடியாது, அறிவை வைத்துப் பிழைக்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து. 1996-இல் மல்டிமீடியா சூப்பர் கோரிடார் திட்டம், சுருக்கமாக எம்.எஸ்.சி., வந்தது. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து சிப்பாங் விமான நிலையம் வரை 50 கிலோமீட்டர் நீளம், 15 கிலோமீட்டர் அகலம். அந்தப் பரப்புக்குள் புத்ராஜெயா அரசாங்கத்துக்கு, சைபர்ஜெயா கணினிக்கு என்று இரண்டு புதிய நகரங்கள்.

அங்கே வரும் நிறுவனங்களுக்கு அரசாங்கம் பத்து அம்ச உத்தரவாதம் எழுதிக் கொடுத்தது. பத்து ஆண்டு வரை வருமான வரிச் சலுகை. உள்நாட்டுப் பங்குதாரர் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு. எந்த நாட்டு நிபுணரையும் வேலைக்கு வைக்கலாம். இணையத்துக்குத் தணிக்கை கிடையாது. அந்நாளில் பத்திரிகை நடத்த 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுதோறும் உரிமம் வாங்க வேண்டும். இணையத்துக்கு அது வேண்டியதில்லை. அதனால்தான் 1999-இல் மலேசியாகினி போன்ற இணையச் செய்தித்தளம் பிறக்க முடிந்தது.

அந்த மண் யாருடைய மண்?

இப்போது நம் கதைக்கு வருவோம். புத்ராஜெயா எழுந்த இடத்துக்குப் பழைய பெயர் பிராங் புசார் தோட்டம். மலாய் மொழியில் பெரும் போர் என்று பொருள். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் திறந்த தோட்டம் என்பதால் அந்தப் பெயர். பி.பி. 86 என்ற பால்மர இனத்தைப் பழைய வெட்டுக்காரர்கள் அறிவார்கள். அந்த "பி.பி." என்பது பிராங் புசார்தான்! நல்ல பால் தரும் மர இனங்களை ஆராய்ந்து கண்டுபிடித்த பெயர் பெற்ற தோட்டம் அது. கணினி வருவதற்கு முன்பே அந்த மண் அறிவை விளைவித்த மண் என்பதை மறக்கக் கூடாது.

பிராங் புசார், காலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய தோட்டங்களில் இருந்த நம்மவர்கள் லயத்தைக் காலி செய்தார்கள். கோயிலும் பள்ளியும் பெரட்டுக் களமும் பின்னால் போயின. ஏறக்குறைய 400 குடும்பங்கள் டிங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போய்ச் சேர்ந்தன. தரை வீடு கேட்டு அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார்கள். 1999-இல் பிரதமர் அலுவலகம் புத்ராஜெயாவுக்கு மாறியது. சைபர்ஜெயாவும் அதே ஆண்டு திறப்பு விழாக் கண்டது. நிறுவனங்களுக்கு உத்தரவாதம் எழுத்தில் இருந்தது. பால் வெட்டிய கைகளுக்கு வாய்ச்சொல்தான் இருந்தது. எழுத்தில் இருப்பதற்கும் வாய்ச்சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நன்றாக யார் சொல்லித்தர முடியும்?

வெள்ளம் வருமுன் அணை

கணினித் தொழிலுக்கு அணை கட்டும் வேலையையும் அரசாங்கம் செய்தது. 1997-இல் கணினிக் குற்றச் சட்டமும் மின்னியல் கையெழுத்துச் சட்டமும் நிறைவேறின. பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்தாலே 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதிக்கப்பட்டது.

எல்லாவற்றிலும் பெரியது 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம். 1950-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தையும் 1988-ஆம் ஆண்டு ஒலிபரப்புச் சட்டத்தையும் எடுத்துவிட்டு, தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி, இணையம் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். மேற்பார்வைக்கு ஓர் ஆணையமும் அமைந்தது.

இச்சட்டத்தில் இணையத் தணிக்கைக்கு இடமில்லை என்று ஒரு பிரிவு சொல்கிறது. பிறரைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு ஆபாசமாகவோ மிரட்டியோ செய்தி அனுப்பினால் குற்றம் என்று 233-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் குற்றத்துக்கு இருந்த 50,000 வெள்ளி அபராத வரம்பு 2025-இல் 500,000 வெள்ளியாக உயர்ந்தது. ஆகவே, கைப்பேசியில் வந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள்!

நம் பெயர், அடையாள அட்டை எண் போன்ற விவரங்களைக் காக்க 2010-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. முதலீட்டாளருக்கு உத்தரவாதம் 1996-இல். நமக்குப் பாதுகாப்பு 2013-இல். இடையில் 17 ஆண்டுகள்!

நமக்கும் ஒரு பங்கு உண்டு

"சட்டமெல்லாம் நமக்கு எதுக்குங்க சார்?" என்று கேட்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1998-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானம் பெறும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், கணக்கிட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அதில் செலுத்த வேண்டும். இலாபம் வராது என்று நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத இடங்களுக்குத் தொலைபேசியும் இணையமும் கொண்டு சேர்ப்பதற்கே அந்தப் பணம். ஊர்ப்புறங்களில் "நாடி" என்ற பெயரில் நடக்கும் இணைய மையங்கள் அப்படி வந்தவைதான். அங்கே பிள்ளைகள் கணினி பழகலாம்.

இதன் தேவை 2020-இல், கோவிட் நோயால் பள்ளிகள் மூடியபோது எல்லாருக்கும் புரிந்தது. சபா மாநிலத்தில் ஒரு மாணவி தேர்வு எழுத அலைவரிசை தேடி மரத்தில் ஏறி இருந்தாள். நம் தோட்டங்களிலும் ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் தவித்த வீடுகள் உண்டு. தோட்டம் தனியார் நிலம் என்பதால் கோபுரம் நிறுத்த நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். அதனால் கேட்காமல் எதுவும் வராது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் எழுத்தில் மனுப்போட்டு, நகலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

சரித்திரம் இன்னும் முடியவில்லை. எம்.எஸ்.சி. திட்டம் 2022-இல் மலேசிய டிஜிட்டல் என்று புதுப்பெயர் எடுத்தது. ஜொகூரில் கூலாய் யங் தோட்டம், 664 ஹெக்டர் செம்பனை நிலம், 2021-இல் கைமாறித் தரவு மையப் பூங்காவாகிவிட்டது. மீண்டும் ஒரு தோட்டம், மீண்டும் கணினி!

பெற்றோர்களே, தோட்டம் நகரமாவதை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் அந்த நகரத்தில் நம்ம பிள்ளைங்க வாசல் காவலுக்கு மட்டும் நிற்பதா, உள்ளே கணினி முன் உட்காருவதா என்பது நம் கையில் இருக்கிறது. கணக்கையும் ஆங்கிலத்தையும் தாய்மொழியோடு சேர்த்துப் படிக்க வையுங்கள். கையெழுத்துப் போடுமுன் காகிதத்தைப் படிக்கப் பழகுங்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் உங்களில் ஒருவர் நாளை நல்ல கணினி நிபுணராகலாம். இன்னொருவர் நல்ல சட்டத்தை எழுதும் வழக்கறிஞராகலாம். இரண்டு பேருமே நமக்கு வேண்டும். வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!