மின்னஞ்சல் இணைப்புத் தடை (வன்னிப் பெருநிலப்பரப்பு)

பயனரின் கணினியிலுள்ள அஞ்சற் செயலி, கடிதங்களை ஏற்றுச் சேமித்து வழங்கும் தூரத்து வழங்கியை அடைய இயலாது நின்றுவிடும் நிலையையும், அதன் காரணத்தைக் கிரமமாகத் தேடி நிவர்த்தி செய்யும் முறையையும் இத்தலைப்புக் குறிக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இவ்விஷயத்தின் சரித்திரம் ஏனைய இடங்களைப் போன்றதன்று. கம்பியும் மின்சாரமும் அற்றுப்போயிருந்த ஒரு பிரதேசத்துக்கு வெளியேதான் மின்னஞ்சல் பிறந்து, வளர்ந்து, பழைய சங்கதியாகவும் ஆயிற்று.

கணினி அறிஞர் ஜோன் போஸ்டல் 1982இல் வகுத்த அனுப்பல் நெறிமுறையாகிய எஸ்.எம்.ரி.பி.யும், அதன்பின் எழுந்த பொப், ஐமப் என்னும் பெறுதல் நெறிமுறைகளும் உலகெங்கும் நிலைபெற்றுவந்த நாளில், இலங்கையின் பல்கலைக்கழகங்களிடையே மின்னஞ்சலைப் பரப்பும் முயற்சி 1990இல் மொறட்டுவையை மையமாகக் கொண்டு தொடங்கிற்று. அதே ஆண்டு ஜூனில் உள்நாட்டு யுத்தம் மீண்டும் மூண்டது. 1995இல் கொழும்பில் வர்த்தக இணையச் சேவை ஆரம்பித்தபோது, வன்னியில் இரவு விளக்குக்கே மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றினர். உறவினர் நலம் விசாரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூடப்படாத செய்திப் படிவமே பலருக்குக் கதியாயிருந்தது. 2002 ஏப்பிரலில், வன்னியை ஊடறுத்துச் செல்லும் ஏ-9 வீதி திறந்தபின் கிளிநொச்சிக்கு வந்த தொண்டு நிறுவனங்கள் செய்மதித் தொடர்பையும் மின்பிறப்பாக்கியையும் நம்பி மின்னஞ்சல் நடத்தின. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டு, 2008 செப்ரெம்பரில் அந்நிறுவனங்களும் வெளியேற நேர்ந்தபோது அதுவும் ஓய்ந்தது. அக்காலத்துத் தடைகளுக்குக் கணினிக்குள்ளே காரணம் தேடவேண்டிய அவசியமே எழவில்லை.

2009இல் யுத்தம் முடிந்தபின் கைத்தொலைபேசிக் கோபுரங்களும், அவற்றைத் தொடர்ந்து மின்வலையமைப்பும் பரவி, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் அமைந்த பிற்பாடுதான், பிறவிடங்களில் வழங்கும் பொருளிலான பழுதாய்வு இங்கும் வேரூன்றிற்று. அதன் முறை நான்கு படிகளில் அடங்கும். வழங்கியின் பெயரை இணைய முகவரியாக மாற்றுதல், அம்முகவரியின் உரிய துறையை (போர்ட்) தொடுதல், மறைகுறியாக்கத்துக்கு இருபுறமும் உடன்படுதல், பயனர் தம்மை மெய்ப்பித்தல் என்பன அவை. எந்தப் படியில் முயற்சி முறிந்தது என்பதைச் செயலியின் பிழைச்செய்தியே பெரும்பாலும் சொல்லிவிடும். அதனை வாசியாமலே ரவுட்டரை அணைத்துப் போடுவோரே அதிகம். பெயர் கிடைக்கவில்லையெனில் பெயரில் எழுத்துப் பிழையோ இணையமே இன்மையோ காரணமாகலாம். நெடுநேரம் காத்திருந்து கைவிட்டால், அனுப்பலுக்குரிய 25ஆம் துறையைச் சேவை வழங்குநர் மறித்திருக்கலாம். 587க்கு மாற்றிப் பார்த்தல் வேண்டும். டெல்நெற் என்னும் கட்டளையைக் கொண்டு அத்துறையைத் தட்டியபோது 220 என்று தொடங்கும் வரி வருமாயின் வழங்கி உயிரோடிருக்கிறது; மெய்ப்பித்தலின்போது 535 வருமாயின் வழி திறந்தே இருக்கிறது, கடவுச்சொல்தான் ஒப்புக்கொள்ளப்படவில்லை.

மின்வெட்டு மிகுந்த ஊர்களுக்கு விசேஷமாக உரியதொரு காரணத்தை இங்கே தனித்துச் சொல்லவேண்டும். தாய்ப்பலகையிலுள்ள நாணயவடிவ மின்கலம் தீர்ந்துபோன மேசைக்கணினி, மின்சாரம் போய்வந்ததும் ஏதோவொரு பழைய ஆண்டின் ஜனவரி முதலாந் திகதிக்குத் திரும்பிவிடும். அத்திகதியில் வழங்கியின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று கருதும் செயலி, நற்சான்றையும் போலியென்று தள்ளி இணைப்பை மறுக்கும். கடவுச்சொல்லைப் பலமுறை மாற்றியும் தீராத இத்தடை, கடிகாரத்தைத் திருத்தியதும் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

2022 மார்ச் இறுதியில், பொருளாதார நெருக்கடியின்போது, நாடெங்கும் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே 30ஆந் திகதி முதல் கூகிள் நிறுவனம் தனிப்பட்ட கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லால் நுழையும் பழைய செயலிகளை மறுக்கலாயிற்று. ஒக்ரோபரில் மைக்ரோசொப்ட் தனது நிறுவனச் சேவையில் அவ்வழியை மூடத் தொடங்கிற்று. எரிபொருள் வரிசையில் நின்ற மக்கள் இவ்வறிவித்தல்களைக் கவனியாதிருந்ததில் வியப்பில்லை. கூகிள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிச் செயலிக்கெனத் தனிக் கடவுச்சொல் பெறுவதோ, எக்கணக்குக்கும் புதிய மெய்ப்பித்தல் முறை அறிந்த செயலிக்கு மாறுவதோ இதற்குப் பரிகாரம்.

வழங்கியே பழுதுபட்டால் பயனரின் சாமர்த்தியம் பயன்படாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணிமை மீது நடந்த கப்பத் தாக்குதலில், சுமார் 5,000 அரச முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் அழிந்தன. அக்காலத்துக்கு வலைக்கு வெளியே பிரதி இருக்கவில்லை. கடிதங்களை வழங்கியிலேயே விட்டுவைக்கும் ஐமப் முறையைப் போலன்றி, கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பொப் முறை இத்தகைய இழப்பில் அக்கணினியளவுக்கேனும் கைகொடுக்கும். ஆதலால், பொப் கணக்கு இணைய மறுக்கும்போது அதனை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாமென்று பலர் சொல்லும் யோசனையைக் கேட்குமுன், கணினியிலுள்ள அஞ்சற் கோப்பை வேறிடத்தில் பிரதிசெய்துகொள்ள வேண்டும். வழங்கியில் எதுவும் எஞ்சாதபோது அக்கோப்பே ஒரே பிரதியாயிருக்கும்.