கனடாவுக்குத் தனியே பறக்கும் பெற்றோர்: விமானச்சீட்டில் பார்க்க வேண்டியவை

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. பிள்ளைகளிடம் தனியே புறப்படும் வயோதிபப் பெற்றோர் பெரும்பாலும் டுபாய், டோஹா அல்லது அபுதாபியில் விமானம் மாறவேண்டும். ஆகவே கட்டணத்துக்கு முன் இந்த மாற்றத்தைக் கவனியுங்கள்.

முழுப் பயணமும் ஒரே பதிவில் இருந்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று விமானத்தை நிறுவனமே ஒழுங்கு செய்யும். தனித்தனியாக வாங்கிய மலிவுச் சீட்டுகளில் இந்தப் பாதுகாப்பு இல்லை. இடைவெளி மூன்று மணித்தியாலமாவது இருக்கட்டும். சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணமில்லை, பதிவின்போதே கேளுங்கள்.

ஷெங்கன் நாடுகள் வழியாகச் செல்லும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு விமான நிலைய இடைமாறல் விசா தேவை. செல்லுபடியாகும் கனேடிய விசா இருந்தால் விலக்குண்டு.

பதிவு இலக்கத்தையும் பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தையும் தாளில் எழுதி, அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள்.