பாறையிலிருந்து கடவாய்ப்பல் வரை

கோவை மாவட்டத்துக் கிணத்துக்கடவைச் சுற்றியுள்ள கல் குவாரிகளை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் அடிவயிறு எப்படி இருக்கும் என்று தெரியும். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே பாறை, பாறைக்குக் கீழேயும் பாறைதான். ஃபுளோரைடு புறப்படும் இடம் அதுதான். உடைத்த கல்லில் கறுப்பாக மினுங்கும் அபிரகத் தகடுகளிலும், கண்ணுக்கே தெரியாத அப்படைட் கனிம மணிகளிலும் அது பூட்டிக் கிடக்கிறது. விரிசல் வழியே இறங்கிய மழைநீர் வருடக்கணக்கில் அந்த இடுக்குகளில் தங்கும்போது மெல்லக் கரைந்து நீரில் சேர்கிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதனோடு கூடிப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

கிணறுகள் வற்றி, போர் ஆயிரம் அடிவரை இறங்கிய பிறகு, பாறையோடு நெடுநாள் பழகிய நீர் கொங்கு நாட்டின் குடங்களுக்கு வந்தது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி அளவுக்கு இல்லாவிட்டாலும், நிலத்தடி நீரில் சில இடங்களில் ஃபுளோரைடு வரம்பு மீறும் மாவட்டங்களின் பட்டியலில் கோவையும் உண்டு. வரம்பு என்பது லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒரு தோட்டத்துப் போரில் 0.6 இருக்கும், பக்கத்துத் தோட்டத்தில் 2 இருக்கும். சோதிக்காமல் யாரும் சொல்லிவிட முடியாது. நாக்குக்கு உப்பு தெரியும், ஃபுளோரைடு தெரியாது.

இந்தியாவில் இதன் தீங்கு முதலில் பதிவானது நம் பழைய சென்னை மாகாணத்தில்தான். 1937-இல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் நெல்லூர் மாவட்டத்து மக்களின் விறைத்த முதுகையும் கறை படிந்த பற்களையும் ஆராய்ந்து, குடிநீரின் ஃபுளோரைடே காரணம் என்று எழுதினார்கள்.

கடலுக்கு அப்பால் இதே பொருளுக்கு வேறொரு பெயர் கிடைத்துக்கொண்டிருந்தது. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்த பல் மருத்துவர் ஃபிரடெரிக் மெக்கே, அந்த ஊர்ப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டார். கறை படிந்த அந்தப் பற்கள் லேசில் சொத்தையாகவில்லை என்பதும் அவர் கண்ணில் பட்டது. காரணம் ஃபுளோரைடுதான் என்று 1931-இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் கண்டுபிடித்தார். பிறகு டிரெண்ட்லி டீன் 21 ஊர்களில், 12 முதல் 14 வயதுக்குட்பட்ட 7,257 பிள்ளைகளின் வாய்களைப் பார்த்தார். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் சொத்தை வெகுவாகக் குறைந்தது, கண்ணை உறுத்தும் கறையும் இல்லை. அதை நம்பி 1945 ஜனவரியில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் தன் குடிநீரில் ஃபுளோரைடு கலந்தது.

அங்கே கலந்தார்கள். இங்கே அதிலிருந்து தப்பிக்க 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டோம். 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் காவிரியைத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுபோனது அந்தப் பாறைத் தண்ணீருக்கு மாற்றாகத்தான். இரண்டு ஊரும் செய்தது சரியே. அளவு வேறு, பாறை வேறு.

அளவோடு வயதும் சேர்ந்துதான் கணக்கு. பிறந்ததிலிருந்து ஏழெட்டு வயது வரை, ஈறுக்குள் எனாமல் உருவாகும் காலத்தில், மிதமிஞ்சி விழுங்கிய ஃபுளோரைடுதான் பல்லில் வெண்திட்டாகவும் பழுப்புக் கறையாகவும் நிற்கிறது. ஞானப்பல் நீங்கலாக மற்ற எல்லாப் பற்களுக்கும் அந்தக் கதவு எட்டு வயதோடு மூடிவிடுகிறது. பதின்மூன்று வயதுப் பெண் ஃபுளோரைடு பேஸ்டில் பல் துலக்குவதால் அவள் பல்லில் புதிதாகக் கறை வராது. சிறுவயதில் வந்த கறை, பேஸ்டை நிறுத்துவதால் போகவும் போகாது. எலும்பின் கணக்கு வேறு: அதிக ஃபுளோரைடு உள்ள தண்ணீரை எந்த வயதில் தொடர்ந்து குடித்தாலும் அது எலும்பில் சேரும். தண்ணீரைச் சோதிப்பதற்கு வயது வரம்பே கிடையாது.

இன்றைக்கு இந்தப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர். போர்த் தண்ணீர் துவைக்கவும் கழுவவும். நல்லதண்ணி வரும் நாளில் குடங்கள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. ஆறு பெரும்பாலும் ஃபுளோரைடு குறைந்தது. ஆக, கறையின் பயம் குறைந்தது. கூடவே டீன் அளந்து சொன்ன அந்தக் காவலும் போனது. அதே காலத்தில்தான் பஸ் ஸ்டாப்புக்கு ஒன்றாகப் பேக்கரிகள் முளைத்தன. பள்ளி விட்டதும் தேங்காய் பன், அதன் மேல் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. வாயிலிருந்து ஃபுளோரைடு போனபோது சர்க்கரை வந்திருக்கிறது என்பதை நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. தருமபுரியின் கதையைக் கேட்டுப் பயந்து, "ஃபுளோரைடு இல்லாதது" என்று விளம்பரம் செய்யும் பேஸ்டைத் தேடி வாங்கும் பெற்றோர்களை நான் அறிவேன். அவர்களுடைய அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் முக்கியமான ஃபுளோரைடு, அவர்கள் ஒதுக்கிய டியூப்தான்.

டியூப்புக்கு அது வரும் பாதையும் ஒரு பாறையில்தான் தொடங்குகிறது. ஃபுளோரைட் என்னும் கனிமத்தைக் கந்தக அமிலத்தில் வேகவைத்து, அதிலிருந்து சோடியம் ஃபுளோரைடும் மோனோஃபுளோரோபாஸ்பேட்டும் செய்கிறார்கள். குஜராத்தின் சோட்டா உதேப்பூர் பக்கத்து அம்பாடுங்கர் இந்தக் கனிமத்துக்குப் பேர்போன இடம். டியூப்பின் பின்பக்கம், எழுத்து பொடியாக இருக்கும் இடத்தில், பிபிஎம் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். நம் நாட்டில் அது 1000-ஐத் தாண்டக்கூடாது, கட்டாயம் அச்சிடவும் வேண்டும். 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பேஸ்டில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. ஃபுளோரைடு பேஸ்ட் 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

இனி வாய்க்குள். பன்னைக் கடித்த சில நிமிடங்களில் பல்லில் ஒட்டிய படலத்துக் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கழன்று வெளியேறும். எச்சில் மெல்ல அமிலத்தைத் தணித்து அவற்றைத் திருப்பிக் கொண்டுவரும். அந்த நேரத்தில் பல்லருகே கொஞ்சம் ஃபுளோரைடு நின்றால், மறுபடி படியும் படிகம் முன்னைவிட உறுதியானது; 4.5 வரை தாங்கும். விழுங்கிய ஃபுளோரைடு பல்லுக்குள் ஊறி அதைக் காக்கிறது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 1980-களில் டென்மார்க்கின் ஓலே ஃபெயர்ஸ்கோவ் போன்றவர்களின் ஆய்வுகள் அதைத் திருத்தின: காவல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான். அதனால்தான் துலக்கிய பின் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது என்கிறார்கள். செம்பு செம்பாகக் கொப்பளித்தே பழகிய நமக்கு இது சிரமம்தான். ஆனாலும் பழகிக்கொள்ள வேண்டிய சிரமம். இரவு படுக்கப்போகும் முன் துலக்குவது இன்னும் முக்கியம், தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும்.

பன்னிரண்டு வயதையொட்டி இரண்டாவது கடவாய்ப்பல் முளைக்கிறது. ஆழமான பள்ளங்கள், பிரஷ் எட்டாத மூலை, இன்னும் முதிராத எனாமல். முளைத்த முதல் சில வருடங்களில்தான் அது எளிதில் அரிபடும். அந்த வயதுக்கு இன்னொரு வழியும் உண்டு: ஃபுளோரைடு வார்னிஷ். 1960-களில் ஜெர்மனியிலிருந்து வந்தது. பல்லைப் பஞ்சால் துடைத்து, சின்ன பிரஷ்ஷால் தேன் நிறத்துப் பிசினைப் பூசுகிறார்கள். எச்சில் பட்டதும் இறுகிக்கொள்ளும். அன்றைக்குக் கடினமாக எதையும் கடிக்கக் கூடாது, இரவு துலக்கவும் வேண்டாம். அதில் 22,600 பிபிஎம் இருந்தாலும் பூசுவது துளியளவுதான். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசலாம். காக்ரேன் குழுவின் 2013 தொகுப்பாய்வில், வார்னிஷ் பூசிய பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் சொத்தை சராசரியாக 43 சதவீதம் குறைந்திருந்தது.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. பல்லும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. சொத்தை தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டோடு பிள்ளையைக் கூட்டிப் போக, தோட்ட வேலைக்கோ மில்லுக்கோ போகும் அம்மா ஒரு நாள் கூலியை விட வேண்டும். வாய் திறந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்திலேயே ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வார்னிஷ் பூசிவிட்டால் என்ன? கூட ஒரு பல் மருத்துவர் வேண்டும், ஒரு டார்ச்சும் கொஞ்சம் பஞ்சும் வேண்டும். ஆறு மாதம் கழித்து அவர்கள் இன்னொரு முறை வர வேண்டும்.