ஒரு விலாசத்தில் ஒன்பது பேர்

1994 மே மாதம் கெல்ட் எகெவாங், போல் பிரான்சிஸ் என்ற இரண்டு பேர் ஆர்எஃப்சி 1631 என்ற சின்ன ஆவணம் ஒன்றை வெளியிட்டார்கள். இணைய விலாசங்கள் தீரப்போகுது, நிரந்தர வழி வரும்வரை ஒரே விலாசங்களையே பல இடங்களில் உள்ளுக்குள் திரும்பத் திரும்பப் பாவிப்போம் என்பதுதான் அதன் சாரம். நெட்வேர்க் அட்ரஸ் ட்ரான்ஸ்லேஷன், சுருக்கமாக 'நாட்', அப்படித்தான் எழுத்தில் வந்தது. அந்த மே மாதம் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. 1990இலிருந்தே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு, சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ.

விலாசம் ஏன் தட்டுப்பட்டது? பழைய முறையில் மொத்தமே கிட்டத்தட்ட 430 கோடிதான். அதைப் பங்கிட்ட விதமும் சரியில்லை. அமெரிக்காவின் எம்ஐடி என்ற ஒரு பல்கலைக்கழகத்திடம் மட்டும் 1 கோடி 67 இலட்சம் இருந்தது. முந்தி வந்தவைக்குப் பந்தி, பிந்தி வந்த எங்களுக்கு நாட்.

1996 பெப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918, 192.168 என்று தொடங்குகிற விலாசங்களை வீட்டுப் பாவனைக்கென்று உறுதிப்படுத்தியது. அவை வெளியில் செல்லாது. எந்த வீட்டிலும் இருக்கலாம். அந்தப் பெப்ரவரியில் வலிகாமத்துச் சனம் 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வோடு தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வன்னியிலும் இருந்தது. ஒரு வீட்டு விலாசத்தில் பல குடும்பம். உள்ளுக்கு ஆர் ஆர் இருக்கினம் என்று வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

நாட் எப்படி வேலை செய்யுது என்பதை விளங்கிக்கொள்ள எங்கட ஊர் கொமினிகேஷனை நினைத்தால் போதும். ஊருக்கு ஒரு நம்பர். நீங்கள் போய்க் கனடாவுக்கு எடுத்தால் கடைக்காரர் கொப்பியில் எழுதி வைப்பார். மறுமொழி கோல் வந்தால் கொப்பியைப் பார்த்து, "அன்ரி, மகன் திரும்ப எடுக்கிறாராம், ஓடி வாங்கோ" என்று பெடியனை அனுப்புவார். ரவுட்டரும் அப்படித்தான். உள்ளிருந்து போகிற ஒவ்வொரு பொதியிலும் அனுப்பியவரின் விலாசத்தை அழித்துத் தன் விலாசத்தையும் ஒரு போர்ட் இலக்கத்தையும் போட்டு, அட்டவணையில் குறித்து வைக்கும். பதில் வந்தால் அட்டவணை சொல்லும் ஆளிடம் கொடுக்கும். அட்டவணையில் இல்லாத பொதியைத் தூக்கி எறியும். வெளியிலிருந்து வருகிறவரை உள்ளுக்கு விட வேண்டுமென்றால் போர்ட் ஃபோர்வர்டிங் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

2002இல் ஏ9 திறந்தபிறகு பெருகிய நெற் கஃபேகளுக்கு இது வரப்பிரசாதம். ஒரு லைன், ஏழெட்டு கொம்பியூட்டர். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இணைப்பைப் பகிர்கிற வசதி இருந்தது: லைன் உள்ள கொம்பியூட்டர் 192.168.0.1 ஆகும், மற்றவை அதற்குப் பின்னால் நிற்கும். தனி ரவுட்டர் வாங்கத் தேவையில்லை.

ஆனால் நாட் எங்களைக் கேட்கிறவர்களாக, பார்க்கிறவர்களாக ஆக்கி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேணும். 2011 ஏப்ரலில் ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் விலாசக் கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்தது. அடுத்த வருசம் கம்பனிகளே தங்களுக்குள் நாட் போடுவதற்கென்று 100.64 முதல் 100.127 வரையான விலாசங்கள் ஒதுக்கப்பட்டன. அப்படிப் போட்டால் வீட்டுக்குள் ஒரு நாட், வெளியில் இன்னொன்று. இரண்டாவது கொப்பி எங்கட கையில் இல்லை. பழைய லப்டொப்பில் ஊரின் படங்களையும் குரல்களையும் சேர்த்து வீட்டிலிருந்தே உலகத்துக்குத் திறந்து வைப்போம் என்றால், போர்ட் ஃபோர்வர்டிங் எவ்வளவு சரியாகச் செய்தாலும் ஒருத்தரும் வந்து சேர முடியாது. அப்ப ஆரோ ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் சேர்வரில்தான் எங்கட நினைவுகளை வாடகைக்கு வைக்க வேண்டியிருக்கு.

1994 ஆவணம் சொன்ன நிரந்தர வழியான ஐபிவி6 1995 டிசம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது. முப்பது வருசமாகத் தற்காலிகக் கொட்டிலில்தான் இருக்கிறோம். உங்கட நிலை தெரிய வேண்டுமா? ரவுட்டர் பக்கத்தைத் திறந்து 'வான்' விலாசத்தைப் பாருங்கோ. அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் உங்களுக்கு மேலே இன்னொரு கொப்பிக்காரர் இருக்கிறார்.