கொடிமரம் இறங்கிய பருவம்: சோழமண்டலக் கரையில் கப்பல் பாதுகாப்பின் வரலாறு

மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டை கடற்காற்று எட்டாத உள்நாட்டில் இருப்பினும், பரங்கிப்பேட்டை முதல் கடலூர் வரையிலான கரையில் எந்த நாட்டுக் கப்பல் நங்கூரம் இடலாம், எவர் பண்டகசாலை கட்டலாம் என்பதை ஒரு காலத்தில் முடிவு செய்தது செஞ்சியில் இருந்த அரசேயாகும். வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை துறைமுக நகராக வளர்ந்தது செஞ்சி நாயக்கர்களின் ஆதரவில்தான். 1608-இல் தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்ய டச்சுக்காரர்கள் அனுமதி பெற்றதும் அவர்களிடமே. பின்னர் 1690-இல், செஞ்சியில் தங்கி முகலாயரை எதிர்த்துவந்த மராத்திய அரசர் இராஜாராமின் தரப்பிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டு, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரை இருந்த ஊர்களையும் தனதாக்கிக்கொண்டது. அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் என்றே வழங்கலாயின.

இவ்வாறு கைமாறிய கரைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. பெருங்கப்பல்கள் கரையிலிருந்து விலகி, அலைக்கும் காற்றுக்கும் தடுப்பற்ற திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அறையாமல் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளே சரக்கையும் பயணிகளையும் நுரைத்தெழும் அலைவரிசைகளின் ஊடே கரை சேர்த்தன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் புயல் கிளம்பினால், அவ்வாறு நிற்கும் கப்பலைக் காற்று நேராகக் கரையை நோக்கித் தள்ளும். நங்கூரக் கயிறு அறுந்தாலும், நங்கூரம் மண்ணில் பிடி தளர்ந்து இழுபட்டாலும் தரைதட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கப்பல் பாதுகாப்பு குறித்து இக்கரையில் தோன்றிய விதிகள் அனைத்தும் இந்த ஒரே ஆபத்தைச் சுற்றியே உருவாயின.

அவற்றுள் பழையது, கப்பல் உடைந்த பின்னர் எஞ்சிய பொருளைக் காக்கும் விதி. காகதிய மன்னர் கணபதிதேவர் 1244-ஆம் ஆண்டையொட்டி மோட்டுப்பள்ளித் துறையில் பொறித்த அபய சாசனம், புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் சரக்கை முந்தைய அரசர்கள் வலிந்து பறித்துவந்ததை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, இனி முப்பதில் ஒரு பங்கு என்னும் வழக்கமான சுங்கத்துக்கு மேல் எதுவும் கொள்ளப்படாது என உறுதியளித்தது. தன் முன்னோர் செய்த அநீதியை ஓர் அரசன் கல்லில் எழுதி ஒப்புக்கொண்டது போற்றத்தக்கதே; எனினும் அந்தச் சாசனம் வணிகனின் உடைமையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, கலம் உடையாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பொறுப்பு, தமிழகக் கடலோரத்தில் தண்டல் என்று அழைக்கப்பட்ட கலத்தலைவனின் அனுபவத்துக்கு விடப்பட்டிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பேரிழப்புகள் அந்த அனுபவ அறிவை எழுத்து விதியாக மாற்றின. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே, பருவம் திரும்பும் வேளையிலும் தம் கப்பல்களைச் சென்னைக்கு முன்னால் நிறுத்திவைத்திருந்தபடியால், அக்டோபர் நடுவில் வீசிய புயல் அவற்றுள் பலவற்றை அழித்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. பருவக்காற்றுக் காலம் அல்லாத 1749 ஏப்ரலில், செஞ்சியிலிருந்து விலைக்கு வாங்கப்பட்ட அதே புனித டேவிட் கோட்டையின் அருகே ஆங்கிலேயரின் நாமூர் என்னும் போர்க்கப்பல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளுடன் மூழ்கியது. கம்பெனியின் வணிகக் கப்பல்கள் இரண்டும் கடலூரையொட்டித் தரைதட்டின.

இத்தகைய அழிவுகளின் பின்னணியில் நிலைபெற்ற கொடிமர வழக்கம், இக்கரையின் பாதுகாப்பு முறைகளுள் தலையாயதாகக் கருதத்தக்கது. சென்னைக் கோட்டையின் கொடிமரம் ஆண்டுதோறும் அக்டோபர் 15-ஆம் நாள் இறக்கப்பட்டு, டிசம்பர் 15 வரை மீண்டும் ஏற்றப்படாது. அந்த இரு மாதங்களில் இங்கு நங்கூரமிடும் கப்பல் தன் காப்பீட்டு உரிமையை இழக்க நேரிடும் என்பதால், துணிச்சல் மிக்க மாலுமியையும் அவனை அவசரப்படுத்தும் வணிகனையும் அது ஒருங்கே கட்டுப்படுத்தியது. மற்ற மாதங்களில் வானம் கறுத்தால், துறைமுக அலுவலரான மாஸ்டர் அட்டெண்டெண்ட் கொடிக்குறி காட்டுவார். அதைக் கண்டதும் கப்பல்கள் நங்கூரத்தை விட்டேனும் ஆழ்கடலுக்கு விலகவேண்டும். கரையில் இருப்பவர் எச்சரிக்க வேண்டும், கடலில் இருப்பவர் செயல்பட வேண்டும் என்ற இந்தப் பொறுப்புப் பகிர்வு, யாரும் ஏட்டைப் புரட்டாமலே கண்ணால் காணக்கூடிய எளிமையுடன் இருந்தது.

ஆயினும் அது முழுக் காப்பாகவில்லை. 1872 மே மாதப் புயலில் சென்னைக்கு எதிரே நின்ற கப்பல்கள் பலவும் நாட்டுக் கலங்களும் உடைந்தன. 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களையே 1881 நவம்பர்ப் புயல் சிதைத்தது. அந்த 1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டு, நாளடைவில் துறைமுகங்களில் எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படலாயின.

இதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு வினா எழுந்திருந்தது. காப்பீட்டுத் தொகை உறுதியாக இருந்தமையால், பழுதான கப்பலில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி அனுப்பிய உரிமையாளர்களை எதிர்த்து நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிலிம்சால் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1876-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் சுமைக்கோட்டைக் கட்டாயமாக்கியது. சரக்கேற்றும்போது கப்பல் எந்த அளவுக்கு மேல் நீரில் அமிழக்கூடாது என்பதைக் காட்ட அதன் பக்கவாட்டில் தீட்டப்படும் குறியே சுமைக்கோடு. கடலும் பருவமும் மாறுவதற்கேற்ப அக்கோடு பலவாகப் பிரிந்தது. 1966-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, வங்காள விரிகுடாவில் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மட்டுமே கூடுதல் சுமைக்கு இடம்தரும் வெப்பமண்டலக் கோட்டை அனுமதித்து, எஞ்சிய மாதங்களுக்கு அதனினும் தாழ்ந்த கோடையளவை விதித்தது. கொடிமரம் இறங்கிய இரு மாதங்களில் பெரும்பகுதி அந்தக் குறைந்த அளவுக்குரிய காலத்துக்குள்ளேயே அடங்குவதைக் காணலாம்.

டைட்டானிக் மூழ்கியதை அடுத்து 1914-இல் உருவான கடலில் உயிர்காப்புக்கான உடன்படிக்கை, உயிர்காப்புப் படகு, தீயணைப்புக் கருவி, கம்பியில்லாத் தந்தி போன்ற கருவிகளைப் பற்றியே பெரிதும் பேசியது. அதன் வழித்தோன்றல்களும் நீண்ட காலம் அவ்வாறே இருந்தன. கருவிகள் சரியாக இருந்தும் கப்பல் மூழ்கக்கூடும் என்பதை 1987 மார்ச் 6-ஆம் நாள் பெல்ஜியத்தின் சீபுரூகே துறைமுகத்தருகே ஹெரால்டு ஆஃப் ஃபிரீ என்டர்பிரைஸ் என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தது உலகுக்குக் காட்டியது. முன்கதவு மூடப்படாமலே கப்பல் புறப்பட்டது. அதை மூடவேண்டியவர் உறங்கிக்கொண்டிருந்தார். மூடிவிட்டதை உறுதிசெய்யும் முறையும் இல்லை. கதவின் நிலையைக் காட்டும் விளக்கு வேண்டும் என்று கப்பல் தலைவர்கள் முன்பே கேட்டதை நிர்வாகம் பொருட்படுத்தவில்லை. விசாரணை நடத்திய நீதிபதி ஷீன், மாலுமிகளோடு நிறுத்தாமல், கரையில் அமர்ந்திருந்த நிர்வாகத்தின் மேல்மட்டம் வரை குற்றம் கண்டார்.

அந்தத் தீர்ப்பின் தாக்கத்தில் பிறந்ததே பன்னாட்டுப் பாதுகாப்பு மேலாண்மை நெறிமுறை. 1993 நவம்பரில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஏற்ற இந்நெறி, 1998 ஜூலை 1 முதல் பயணிகள் கப்பல், எண்ணெய்க் கப்பல் முதலியவற்றுக்கும், 2002 ஜூலை 1 முதல் ஏனைய சரக்குக் கப்பல்களுக்கும் கட்டாயமாயிற்று. தொழிற்சாலைகளின் தர மேலாண்மையிலிருந்து கடன்வாங்கிய முறை இது: செய்வதை எழுது, எழுதியதைச் செய், செய்ததற்குப் பதிவு வை, பிறரைக் கொண்டு தணிக்கை செய். நிறுவனத்துக்கு ஓர் இணக்கச் சான்றும் கப்பலுக்கு ஒரு பாதுகாப்பு மேலாண்மைச் சான்றும் வழங்கப்படும். நிறுவனத்தின் உச்ச நிர்வாகியை நேரில் அணுகும் உரிமை படைத்த ஒருவரைக் கரையில் நியமிக்க வேண்டும் என்பதும், ஆபத்து வேளையில் எவர் ஆணையையும் மீறி முடிவெடுக்கும் அதிகாரம் கப்பல் தலைவருக்கு உண்டு என்பதை எழுத்தில் வைக்க வேண்டும் என்பதும் இதன் உயிர்நாடி. விபத்துகளை மட்டுமன்றி, மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளையும் பதிவுசெய்யச் சொன்னது இதன் பெரும்பேறு எனலாம். ஏனெனில் பழைய விதிகள் யாவும் பிணங்களை எண்ணிய பின்னரே எழுதப்பட்டவை. இந்தியாவில் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் இச்சான்றுகளுக்குப் பொறுப்பேற்கிறது. சென்னையிலுள்ள வணிகக் கப்பல் துறை அலுவலகம் அதன் கிளைகளுள் ஒன்று.

ஆனால் கோப்பு முழுமையாக இருக்கும் கப்பலே பாதுகாப்பான கப்பல் ஆகிவிடுவதில்லை. 2012 அக்டோபர் 31-ஆம் நாள் நீலம் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறியபோது, சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தோடு இழுபட்டு நகரின் தென்கரையில் தரைதட்டியது. கப்பலில் தங்கியவர்கள் உயிர்பிழைக்க, உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களின் படகு அலையில் கவிழ்ந்து ஆறு மாலுமிகள் இறந்தனர். அவர்களுக்குச் சம்பள பாக்கி இருந்ததாகவும், கப்பலில் உணவும் எரிபொருளும் குறைந்திருந்ததாகவும் பின்னர்ச் செய்திகள் வெளியாயின. கொடிமரம் இறங்கியிருந்த அதே பருவம், அதே திறந்த கடல். 1746-இல் நிகழ்ந்ததும் வேறல்ல. புயலுக்கு முன் ஆழ்கடலுக்கு விலகவேண்டும் என்பதை இக்கரை நூற்றாண்டுகளாக அறியும். ஆனால் விலகுவதற்கு எரிபொருள் வேண்டும், அதை வாங்கித் தருபவர் கரையில் இருக்கவேண்டும்.

மாலுமியின் சம்பளமும் உணவும் பாதுகாப்பின் பகுதியே என்பதை 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வரையறுத்திருந்தும், அது உலகளவில் நடைமுறைக்கு வந்தது நீலம் புயலுக்கு அடுத்த ஆண்டான 2013 ஆகஸ்டில். இந்தியா அதை ஏற்றது 2015-இல். கைவிடப்பட்ட மாலுமிகளின் சம்பளத்துக்கும் ஊர்திரும்பும் செலவுக்கும் உரிமையாளர் முன்கூட்டியே நிதிப்பொறுப்பு காட்டி, அதற்கான சான்றைக் கப்பலில் அனைவரும் காணும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்ற திருத்தம் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.