பான்டியாக் ஜி.டி.ஓ.: மறுவருகை (2004–2006)

சாதாரண டெம்பெஸ்ட் காரில் 6.4 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி 1964இல் பிறந்த ஜி.டி.ஓ., அமெரிக்க ‘மசில் கார்’ அலைக்கு வித்திட்டது, 1974உடன் நின்றது. பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் உயர் அதிகாரி பாப் லட்ஸின் முயற்சியால் 2004இல் மீண்டும் வந்தது. ஹோல்டன் மொனாரோ காரை அடிப்படையாகக் கொண்டு ஆஸ்திரேலியாவில் தயாராகி, கப்பலில் அமெரிக்கா சென்றது.

எஞ்சின் 5.7 லிட்டர், 350 குதிரைத்திறன். வேகத்தைப் பற்றிப் பேச்சில்லை, தோற்றத்தில்தான் சண்டை. பானட்டில் காற்றுத்துளைகூட இல்லாத வழுவழுப்பான உடல் அந்தப் பெயருக்கு அடுக்காது என்றனர் பழைய ரசிகர்கள். ஓட்டிப் பார்த்தவர்களோ உட்புற வேலைப்பாட்டையும், பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் சஸ்பென்ஷனையும் மெச்சினர். 1964 காரின் உயிர் தோற்றமல்ல, எஞ்சின்தான் என்பதால் இவர்கள் பக்கமே நியாயம் கூடுதல். 2005இல் இரு காற்றுத்துளைகளும் 400 குதிரைத்திறன் தரும் 6 லிட்டர் எஞ்சினும் வந்தன. 2006இல் உற்பத்தி முடிந்தது. 2010இல் பான்டியாக் பிராண்டே மூடப்பட்டது.